பிலோமின்ராஜ் செய்த பேசும் பெட்டி

பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன் பிலோமின்ராஜ். அப்பா பணிமனையில் ஃபிட்டர். வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தும் இருக்கிற இடம் தெரியாத பிள்ளை இவன் ஒருவன்தான் என்று அம்மா சொல்வாள். ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் சோற்றுக்குக் கூப்பிடுவதுகூட அவன் காதில் விழாது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு திருவெறும்பூரில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தான். சுற்றுப்பட்டுக் கம்பெனிகளுக்குச் சூட்டை அளந்து காட்டும் மீட்டர், மோட்டாரை நேரத்துக்கு நிறுத்தும் கருவி என்று எதையாவது பெட்டிக்குள் அடக்கிக் கொடுப்பது அங்கே தொழில். பெட்டிக்குள் ஒரு போர்டு. போர்டில் நகத்தளவு ஒரு சிப். அந்தச் சிப்புக்குள் பிலோமின்ராஜ் எழுதிய புரோகிராம். சேர்ந்த இடத்திலேயே தலையில் நரை விழுந்துவிட்டது. வேறு வேலை தேட வேண்டும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவன் மனைவி ரோசரி அவனுக்கு நேரெதிர். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கீரைக்காரம்மாவிடம் ஆரம்பித்தால் அந்தம்மாவின் மருமகள் வரை விசாரித்துவிட்டுத்தான் கீரையை வாங்குவாள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மேலூர் ரோட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பிள்ளை இல்லை. காலையில் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருவெறும்பூர் போவான். சாயங்காலம் திரும்பி வந்து, பின்பக்கச் சின்ன அறையில் ஏதாவது ஒரு போர்டோடு உட்காருவான். ரோசரி அரிவாள்மனையோடு அந்த அறை வாசலில் வந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள். அவன் "ம்" போடுவான்.

"கேக்குறீங்களா இல்லையா?"

"கேக்குறேன்."

"என்ன சொன்னேன், சொல்லுங்க."

அவள் கடைசியாகச் சொன்ன ஒரு வரியை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்வான். அதற்கு முன்னால் அவள் சொன்னது எதுவும் அவனுக்குத் தெரியாது. அது ரோசரிக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே தொடர்வாள். இப்படியே வருஷங்கள் போயின. அவர்களுக்குள் பெரிய குறை ஒன்றும் இருந்ததில்லை.

முதலில் போனது 'ழ'. எட்டாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்க தமில்னு சொல்றீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. ரோசரியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று வாழை, கழுதை, மழை என்று சொல்லிப் பார்த்தாள். நாக்கு மேலே மடங்க மறுத்தது. பல் டாக்டரைப் பார்த்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தார்கள். அடுத்த சில மாதங்களில் மற்ற எழுத்துகளும் கொழகொழவென்று ஆயின. தண்ணீர் குடித்தால் புரையேறியது. இடது கையில் பிடித்த தட்டு தானாக நழுவியது. கடைசியில் தில்லைநகரில் நரம்பு டாக்டர் ஒருவர், எல்லா ஸ்கேனையும் பார்த்து முடித்த பிறகு, நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"மூளையிலருந்து தசைக்குப் போற நரம்பெல்லாம் ஒண்ணொண்ணா வேலைய நிறுத்திட்டே வருதும்மா. பேச்சு, கை, கால், அப்புறம் மூச்சு. அறிவுக்கு ஒண்ணும் ஆகாது. கடைசி வரைக்கும் எல்லாம் புரியும்."

"மருந்து?" என்று பிலோமின்ராஜ் கேட்டான்.

"கொஞ்சம் தள்ளிப் போடுற மாத்திர இருக்கு. நிறுத்துற மருந்து இல்ல."

ரோசரி டாக்டரிடம் நிறையக் கேட்டாள். பாதி அவருக்குப் புரியவில்லை. பிலோமின்ராஜ்தான் எடுத்துச் சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் சேர்த்து அவன் பேச வேண்டி வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்தாள். வீட்டில் போனில் தட்டித்தான் பேச்சு. ஆனால் கண்ணாடித் திரையில் அவள் விரல் ஒரு எழுத்தைத் தொடுவதற்குள் பக்கத்தில் இரண்டு எழுத்தில் உரசிவிடும். 'காப்பி' என்று தட்டினால் வேறு என்னவோ வந்து நிற்கும். ஒருநாள் எரிச்சலில் போனைக் கட்டிலில் வீசினாள். அன்றைக்குத்தான் பிலோமின்ராஜ் சொன்னான்:

"நான் உனக்கு ஒண்ணு செஞ்சு தரேன். கீபோர்டு மாதிரி. நல்லா அமுக்குறாப்பல. ஒரு கீய அமுக்கினா ஒரு வார்த்தைய அதுவே பேசும்."

ரோசரியின் தங்கை லின்சி அப்போது அங்கே இருந்தாள். கருமண்டபத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை. வாரத்தில் மூன்று நாளாவது அக்காவைப் பார்க்க வந்துவிடுவாள். "அத்தான், இதுக்குன்னே டேப்லெட் இருக்கு. ஆப் போட்டுக்கிட்டா போதும். நாளைக்கே வாங்கிடலாம்" என்றாள்.

"தொடுறதுதான் அவளுக்குப் பிரச்சினையே."

"அதுலயும் கீபோர்டு சொருகலாமாம். விசாரிச்சுட்டேன்."

 "இது இவளுக்குன்னே செய்றது" என்று மட்டும் சொன்னான். நோய் வந்த நாளிலிருந்து அவன் செய்யக்கூடியது என்று ஒன்றுமே இருக்கவில்லை. மாத்திரையை வாங்கி வரலாம், கையைப் பிடித்து மாடிப்படி இறக்கலாம், அவ்வளவுதான். இது ஒன்றுதான் அவன் கைக்குப் பிடிபட்ட வேலையாக வந்தது. அதை ஒரு கடையில் விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ரோசரி அவன் முகத்தைப் பார்த்தாள். லின்சியின் கையைத் தட்டி, இருக்கட்டும் என்பது போலத் தலையாட்டினாள்.

பட்டறையில் அவனோடு வேலை பார்க்கும் நஸ்ருல்லா விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, யூஎஸ்பி வயருல ஒரு முனை கேக்குற முனை, இன்னொண்ணு பதில் சொல்ற முனை. கம்ப்யூட்டர் கேக்கும், கீபோர்டு பதில் சொல்லும். கேக்குறவன ஹோஸ்ட்டுன்னு சொல்றான். நம்ம சிப்புக்கும் பதில் சொல்லத்தான் தெரியும். ரெண்டையும் சேர்த்துக் கட்டினா ரெண்டும் சும்மா உக்காந்திருக்கும்."

"கேக்க வைக்கணும்."

"அதுக்கு தனியா ஒரு ஹோஸ்ட் சிப் வரணும். சின்ன போர்டாவே கிடைக்குது. ஆனா அது நம்ம வழிக்கு வர்றது கொஞ்சம் கஷ்டம்."

கஷ்டம்தான். வந்து சேர்ந்த போர்டு கட்டைவிரல் நீளம்கூட இல்லை. நாலு வயர் இழுத்துச் சிப்போடு கட்டினான். ஹோஸ்ட் என்றால் கேள்வி கேட்டால் மட்டும் போதாது, சொருகுகிற சாதனத்துக்குக் கரண்டும் அதுதான் ஊட்ட வேண்டும். அந்தப் போர்டில் ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு அதைவிடக் குறைவாகப் போகும்படி செம்புக் கோடு போட்டிருந்தார்கள். கீபோர்டின் விளக்கு மினுக்கென்று எரிந்து அணையும். அந்தக் கோட்டைப் பிளேடால் கீறி அறுத்து, வெளியிலிருந்து தனியாக ஒரு வயர் கொண்டுவந்து பற்றவைத்ததும் விளக்கு நின்று எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோசரி பூசைக்குப் போக முடியாமல் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் கீபோர்டில் ஒரு எழுத்தை அமுக்க, அது சிப்புக்கு வந்து சேர்ந்தது. அவன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் பூசை முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

அடுத்தது குரல். அந்தச் சின்னச் சிப்புக்குத் தமிழைத் தானாகப் படிக்கத் தெரியாது. வார்த்தை வார்த்தையாகப் பதிந்து மெமரி கார்டில் போட வேண்டும். ரோசரியின் குரல் அதற்குள் யாருக்கும் புரியாத குரலாகிவிட்டது. நல்லபடி இருந்த காலத்தில் பதிந்து வைத்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போனில் தேடினார்கள். ஒரு கல்யாண வீடியோவில் அவள் "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா" என்று யார் யாரையோ கேட்டுக்கொண்டே போகிறாள், பின்னால் நாதஸ்வரம். அவ்வளவுதான் மிச்சம்.

லின்சி பேசிக் கொடுத்தாள். தண்ணி, பசிக்குது, வலிக்குது, ஃபேன் போடு, கதவு, மூடு, திற, ஆமா, வேண்டாம். பட்டியலில் 'ஏங்க' வந்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அத நான் எப்படி அத்தான் சொல்றது? உங்களப் போய்."

ரோசரி தோள் குலுங்கச் சிரித்தாள். விரலை நீட்டி, சொல்லு சொல்லு என்று மைக்கைக் காட்டினாள். லின்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு "ஏங்க" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு வரவில்லை.

பெட்டி வேலை செய்தது. கீயில் ஒட்டிய காகிதங்களைப் பார்த்துப் பார்த்து ரோசரி அமுக்குவாள். லின்சியின் குரல் பேசும். "ஏங்க. தண்ணி." "ஃபேன் போடு." குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு "உப்பு", "வேண்டாம்" என்று அடுத்தடுத்து அமுக்கினாள், அதாவது உப்புக் கரிக்கிறதாம். ஒருநாள் லின்சி வந்திருந்தபோது அவள் எதையோ சொல்ல, ரோசரி பெட்டியில் "வேண்டாம், வேண்டாம்" என்று மறுக்க, லின்சி தன்னோடு தானே சண்டை போடுவது போல இருந்தது. ரோசரி பக்கத்தில் கிடந்த தாளில் கோணல்மாணலாக எழுதிக் காட்டினாள்: என் வாய்ல இவ பேசுறா.

வேடிக்கையாகத்தான் எழுதினாள் என்று பிலோமின்ராஜ் நினைத்தான்.

மழைக்காலம் வருவதற்குள் அவள் விரல்களுக்குச் சின்னக் கீயை அமுக்கும் பலம் போய்விட்டது. விரலை ஊன்றினால் நாலு கீ சேர்ந்து இறங்கும். இதற்கென்றே பிஸ்கட் அளவு கீ வைத்த பெரிய கீபோர்டு ஒன்று வெளியூரிலிருந்து வரவழைத்தான். அதைச் சொருகினால் பெட்டி செத்தது மாதிரி கிடந்தது. அந்தக் கீபோர்டுக்குள்ளேயே இன்னும் இரண்டு சாதனம் சொருகிக்கொள்ள வசதியாக ஒரு ஹப் இருந்தது. ஹோஸ்ட் முதலில் ஹப்போடு பேச வேண்டும், பிறகு ஹப் வழியாகக் கீபோர்டோடு பேச வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது ஒரு விஷயமே இல்லை. இந்தச் சின்னச் சிப்புக்கு அது மலையை நகர்த்துகிற வேலை.

பட்டறையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் சின்ன அறை. பற்றவைக்கிற புகை ரோசரிக்கு இருமலைக் கிளப்புகிறது என்று கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே அவன் சோதித்தது அதே மாதிரி கட்டிய இன்னொரு போர்டில். கூடத்தில் கட்டில், பக்கத்தில் பெட்டி. பழைய கீபோர்டில் ஒரே ஒரு கீயை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கி எடுத்திருந்தான், அவள் முழங்கையால் அதை அமுக்கிக் கூப்பிடலாம் என்று.

"ஏங்க."

"அஞ்சு நிமிஷம் ரோசரி."

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் அதே குரல், அதே ஏற்ற இறக்கம், முதல் தடவை கூப்பிடுவது போலவே. "ஏங்க."

"வந்துட்டேன், வந்துட்டேன். இந்த ஒரு வயரு."

வெளியே வந்து பார்த்தால் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. தண்ணியா என்பான், தலையை அசைப்பாள். ஃபேனா, இல்லை. பாத்ரூமா, இல்லை. என்ன வேண்டும் என்று தெரியாமல் அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவான்.

நஸ்ருல்லா ஒருநாள் பட்டறையில் சொன்னான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. லின்சியக்கா சொன்ன அந்த டேப்லெட்டே வாங்கிடுங்களேன். இத நாம பொறுமையா அப்புறம் பாத்துக்கலாம்."

"முடியப் போவுது தம்பி."

"அண்ணிக்கு நேரம் இல்லண்ணே."

பிலோமின்ராஜ் அன்று அவனோடு சேர்ந்து டீ குடிக்கப் போகவில்லை.

பெரிய கீபோர்டு கடைசியில் பெட்டிக்குப் பிடிபட்டது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தெருவில் ஒன்றிரண்டு வீட்டில் தொங்க ஆரம்பித்திருந்த நேரம். அவன் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து அவள் மடியில் வைத்தான். வலது கையைத் தூக்கி ஒரு கீயின் மேல் வைத்தான். கை அப்படியே கிடந்தது. ஏதோ ஈரத்துணியை மடித்து வைத்தது போல. ரோசரி முயற்சி பண்ணுகிறாள் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. கை அசையவில்லை. எத்தனை நாளாக அசையவில்லை என்று அவனுக்குத் தெரியவில்லை. சாப்பாடு ஊட்டுவது லின்சி, உடம்பு துடைக்க வருவது பக்கத்து வீட்டம்மா. அவன் உள்ளே இருந்திருக்கிறான்.

வலது காலில் பெருவிரல் மட்டும் அப்போதும் அசைந்தது. ஒரு மவுஸைப் பிரித்து அதன் பட்டனை விரலுக்கு அடியில் வரும்படி கட்டினான். ஹோஸ்ட்டுக்கு மவுஸ் ஒரு பெரிய விஷயமில்லை. ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. பெட்டி வார்த்தைகளை ஒவ்வொன்றாக மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போகும். வேண்டிய வார்த்தை வரும்போது அவள் விரலை அழுத்தினால், அதே வார்த்தையை உரக்கச் சொல்லும். மெதுவான வேலை. தவறவிட்டால் மறுபடியும் முழுச் சுற்றும் வர வேண்டும்.

அதில் அவள் முதன்முதலாகச் சேர்த்துச் சொன்னது மூன்று வார்த்தை. கதவு. மூடு. வேண்டாம்.

பால்கனிக் கதவு என்று நினைத்து அதைத் திறந்து வைத்தான். பெட்டி மறுபடியும் சுற்றி வந்தது. கதவு. மூடு. வேண்டாம். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் பார்வை அவனுடைய அறைக் கதவில் இருந்தது.

அன்றிலிருந்து அவன் பற்றவைப்பதை விட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பட்டறையில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தான். இரண்டு வரியில் தீர்ந்துபோயிற்று. ஜன்னல் வழியே தெரிகிற கொய்யா மரத்தைப் பற்றிச் சொன்னான். ரோசரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளால் "ம்" போட முடியவில்லை.

ஜனவரியில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓரளவு தேறியதும், வழக்கமாகப் பார்க்கும் பெண் டாக்டர் கட்டிலருகே நின்று அவளிடமே பேசினார்.

"ரோசரி, அடுத்து மூச்சு நிக்கிற மாதிரி வந்தா, தொண்டையில ஓட்ட போட்டு குழாய் வெச்சு மிஷின்ல சுவாசிக்க வைக்கலாம். அப்புறம் மிஷினவிட்டுப் பிரிய முடியாது. வேணுமா வேண்டாமான்னு இப்பவே தெரிஞ்சா நல்லது. அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

ரோசரி யோசிக்கவில்லை. பெட்டி முணுமுணுத்துக்கொண்டே வந்தது. ஆமா என்று வந்தபோது விரல் அசையவில்லை. அடுத்ததில் அழுத்தினாள்.

"வேண்டாம்" என்றது லின்சியின் குரல். லின்சி சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், இது சில சமயம் தப்பா சொல்லும்" என்று பிலோமின்ராஜ் அவசரமாகச் சொன்னான். "பட்டன் துள்ளும். விரல் லேசா பட்டாலே எடுத்துக்கும்."

பட்டன் துள்ளுவதைத் தடுக்கிற புரோகிராமை அவன் எப்போதோ எழுதி முடித்திருந்தான். அது ஒருதடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

ரோசரி அவனைப் பார்த்தாள். மறுபடியும் பெட்டி சுற்றி வருவதற்குக் காத்திருந்தாள். "வேண்டாம்." இன்னொரு சுற்று. "வேண்டாம்."

"புரியுது ரோசரி" என்று டாக்டர் அவள் காலைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம், லின்சி ஆபீசில் இருந்தாள். ரோசரிக்கு மூச்சு திணறியது. உதடு நீலமாக மாறியது. ஆம்புலன்சில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமான ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவு நேரமில்லை என்று டிரைவர் சொல்ல, வழியில் இருந்த ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே இருந்தது ஒரு இளம் டாக்டர். அவருக்கு இவர்களைத் தெரியாது.

"சார், குழாய் வைக்கணும். உடனே. இதப்பத்தி அவங்க முன்னாடி ஏதாவது சொல்லியிருக்காங்களா? வேணும் வேண்டாம்னு?"

பெட்டி அவன் தோளில் தொங்கிய பையில் இருந்தது. பழக்கத்தில் எடுத்து வந்திருந்தான்.

"அவளால பேச முடியாது சார்" என்றான் பிலோமின்ராஜ்.

கையெழுத்துக் கேட்டார்கள். போட்டான்.

அதற்குப் பின் ரோசரி ஆடி மாதம் வரை இருந்தாள். கூடத்தில் கட்டிலுக்குத் தலைமாட்டில் மிஷின். அது விடுகிற மூச்சுச் சத்தம் மாடிப்படி வரை கேட்கும். வீட்டுக்கு வந்த முதல் நாள் அவன் பட்டனைப் பெருவிரலில் கட்டி, பெட்டியை ஓடவிட்டான். ஆமா. வேண்டாம். தண்ணி. வலிக்குது. ஏங்க. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று. விரல் அசையவில்லை. ஸ்க்ரூவை நெகிழ்த்தி, காற்றுப் பட்டாலே அமுங்கும் அளவுக்குப் பட்டனை இளக்கினான். அசையவில்லை.

"வலிக்குதா ரோசரி? கோவமா?"

கண்களை மூடிக்கொண்டாள். அது ஆமாவா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கென்று ஒரு பாஷையை அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் பெட்டி இருக்கிறதே என்று இருந்துவிட்டான்.

லின்சி அவனோடு சண்டை போடவில்லை. "அக்கா வேண்டாம்னு தெளிவா சொன்னாளே அத்தான்" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.  "பயந்துட்டீங்க" என்று அவளே சொல்லிக்கொண்டு, அக்காவின் தலையைச் சீவிவிடப் போனாள். பிறகு ஒரு டேப்லெட்டையும் வாங்கி வந்து அக்கா முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ரோசரி அதையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அவன் பெட்டியைச் சரிபார்ப்பான். பட்டனைத் தன் விரலால் அமுக்குவான். "ஏங்க" என்று அது சொல்லும். பழுது ஒன்றும் இல்லை. பெட்டியை அவள் காலடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவான். இருட்டும் வரை அது தன்பாட்டுக்கு வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் உடம்பு துடைக்க வந்த பக்கத்து வீட்டம்மா, "தம்பி, அத நிறுத்திடுங்களேன், பாவம், அந்தப் புள்ளைக்குத் தலைய வலிக்கப் போவுது" என்றாள். நிறுத்தினான். அதன் பிறகு அந்த வீட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான்.

ஒரு காலையில் அதுவும் முடிந்தது. மேலப்புதூர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், இப்போது ஒன்பது முடித்துப் பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள், சீருடையிலேயே வந்து நின்றார்கள். அவர்களில் ஒரு பெண் ஏங்கி ஏங்கி அழுதாள். 'ழ'வைச் சுட்டிக்காட்டிய பெண் அவள்தானோ என்னவோ.

லின்சி அவ்வப்போது போன் பண்ணுவாள். அவன் எடுப்பதில்லை. அவள் குரலில் "அத்தான்" என்று ஆரம்பித்தாலும் அவனுக்குக் கேட்பது வேறு ஒன்று. முதலில் அவள் வருத்தப்பட்டாள். பிறகு புரிந்துகொண்டு வாட்ஸப்பில் எழுத ஆரம்பித்தாள். சாப்பிட்டீங்களா என்று எழுதுவாள். சாப்பிட்டேன் என்று பதில் போடுவான். அவன் அநேகமாகச் சாப்பிட்டிருக்க மாட்டான்.

மழைக்காலத்தில் மருங்காபுரியிலிருந்து ஒரு ஆள் பட்டறையைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாராம். அவருடைய அண்ணனுக்கும் அதே நோய். "பேசுற பெட்டி ஒண்ணு நீங்க செய்வீங்கன்னு சொன்னாங்க சார்."

பிலோமின்ராஜ் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தான். ஒரு தாளில் டேப்லெட்டின் பெயரையும் ஆப்பின் பெயரையும் எழுதிக் கொடுத்தான். "கடையிலயே கிடைக்கும். இன்னைக்கே வாங்கிட்டுப் போயிடுங்க. அவர் குரல் இன்னும் நல்லா இருக்கா?"

"கொஞ்சம் குழறுது."

"அப்ப இன்னைக்கே அத பதிஞ்சு வெச்சுக்கங்க."

அந்த ஆள் போன பிறகு நஸ்ருல்லா கேட்டான். "அண்ணிக்கு அந்தக் கடைசி மாசங்கள்ல காலு அசையாமத்தான் போயிடுச்சு, இல்லண்ணே? அதான் அமுக்கல."

"அப்படியும் இருக்கலாம். இல்ல, எங்கிட்ட சொல்லி என்னன்னு விட்டிருக்கலாம்." பிலோமின்ராஜ் மேஜையில் கிடந்த மீட்டரின் வயரைச் சுற்றி வைத்தான். "எதுன்னு எனக்குத் தெரியப் போறதில்ல தம்பி."

பட்டறை முதலாளி இப்போது புதிதாக ஒரு பெட்டி போட்டிருக்கிறார். பாய்லரின் சூட்டை நாள் முழுக்கப் பதிந்து, பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். சொருகினால் போதும், கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. அந்த ஹோஸ்ட் போர்டை அடக்கத் தெரிந்தவன் அங்கே பிலோமின்ராஜ் ஒருவன்தான். ஐந்து வோல்ட் கோட்டைக் கீறுவது, தனி வயர் இழுப்பது, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். ஆர்டர் நன்றாக வருகிறது. சில பென் டிரைவ்களை மட்டும் அது ஏற்றுக்கொள்வதில்லை. அப்படிப் புகார் வந்தால் துவாக்குடிப் பக்கம் அவனே பைக்கில் போய், சொருகிச் சொருகிப் பார்த்து, எந்தெந்தக் கம்பெனி பென் டிரைவ் ஆகாது என்று சொல்லிவிட்டு வருகிறான். நேற்றும் போய்விட்டுத் திரும்பும்போது வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றான். கடைக்காரர் இரண்டு தடவை என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் காதில் விழவில்லை.